மூன்றாம் கூண்டு

பணி ஓய்வு பெற்றவரிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொல்பவர்கள் இனிமையான விஷயங்களையே எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் கேட்ட இளைஞர்களும் அப்படித்தான். மரபணுவைப் பேசவிடாமல் செய்யும் ஆர்.என்.ஏ. மருந்துகள் இன்று வேறு சில நோய்களுக்கு மருத்துவமனை வரை வந்துவிட்டன. "மேடம், கொசுக் காய்ச்சலுக்கு இதை அந்தக் காலத்திலேயே நம்ம டெல்லியில செஞ்சு பார்த்தவங்க நீங்க. எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் இனிக்காது.

என் பெயர் மீனாட்சி. திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாக வந்த அப்பா, கரோல் பாகில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அங்கேதான் வளர்ந்தேன். விலங்கியல் பட்டம் முடித்ததும் டெல்லியிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் சுண்டெலிக் கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றினேன். அடுத்த ஆறு மாதம் கடி வாங்காமல் எலியைப் பிடிக்கக் கற்றேன். பிறகு வாலில் ஊசி போட. அந்த வாலில் ஓடும் ரத்தக்குழாய் தையல் நூல் அளவுதான் இருக்கும். அது கைக்கு வசப்பட இரண்டு வருடம் ஆயிற்று. வசப்பட்ட பின், எங்கள் கட்டடத்தில் யாருக்கு வால் ஊசி தேவையென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது முக்கியம்.

என் மேலதிகாரி டாக்டர் சந்திரசேகர். கோயம்புத்தூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. திட்டுவதற்குக் கூப்பிட்டாலும் "வாங்க மீனாம்மா, சாப்டீங்களா?" என்றுதான் தொடங்குவார். "தப்பு" என்ற சொல்லே அவர் வாயில் வராது. "நாம இதை இன்னொருக்கா யோசிச்சுக்கலாங்க" என்பார். அதற்கு அர்த்தம், செய்ததைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பது. கையுறையைக் கழற்றும்போது ஒன்றுக்குள் ஒன்றை மடித்து, வெளிப்புறம் எங்கும் படாமல் உருட்டித் தொட்டியில் போடுவார். அந்த ஒழுங்கைப் பார்த்தே பலர் அவரை நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஆர்.என்.ஏ. வேலையை எங்களுக்கு அவர்தான் கொண்டுவந்தார். புரியும்படிச் சொல்கிறேன். சிக்குன்குனியா போன்ற வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான கட்டளைகளை ஆர்.என்.ஏ. வடிவில் வைத்திருக்கிறது. அதன் எழுத்துகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டைச் செய்து உடம்புக்குள் அனுப்பினால், செல்லே அந்தக் கட்டளையை அடையாளம் கண்டு வெட்டிப்போட்டுவிடும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! அந்த வருடம் மழைக்குப் பின் டெல்லியில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. என் கணவருக்கும் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. மாதக்கணக்கில் காலையில் சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். "உங்க டாக்டர் ஏதோ மருந்து பண்றார்னியே, எப்ப வரும்?" என்று தினமும் கேட்பார். அதனால் அந்த வேலையில் எனக்குச் சம்பளத்தைத் தாண்டிய அக்கறை இருந்தது.

ஆர்.என்.ஏ. மாதிரி சீக்கிரம் கெடும் பொருளை நான் கையாண்டதில்லை. நம் தோலிலேயே அதைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மேசையைத் துடைக்க வேண்டும். மூக்கைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். குழாய் திறந்திருக்கும்போது அதன் மேல் குனிந்து பேசக் கூடாது. பனிக்கட்டியில் வைத்த குழாயிலிருந்து எடுத்து, கொழுப்புத் துளிகளோடு கலந்து, இருபது நிமிடம் காத்திருந்து, பிறகு ஊசியில் ஏற்ற வேண்டும். எலியின் வாலை வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்கினால் ரத்தக்குழாய் தெரியும். ஊசி சரியாக இறங்கினால் மருந்து தடையில்லாமல் போகும். தவறினால் அந்த இடத்தில் சின்னதாக வீங்கும்.

சோதனையில் மூன்று கூண்டுகள். எல்லா எலிக்கும் பாதத்தில் வைரஸ். முதல் கூண்டுக்கு வெறும் உப்புநீர். இரண்டாவதற்கு வைரஸுக்குப் பொருந்தும் அசல் ஆர்.என்.ஏ. மூன்றாவதற்கு எழுத்துகளை வேண்டுமென்றே குலைத்துச் செய்த, எதற்கும் பொருந்தாத போலி ஆர்.என்.ஏ. அசல் வேலை செய்து, போலி செய்யாமல் இருந்தால்தான், வீக்கத்தைக் குறைத்தது எழுத்துப் பொருத்தம் என்று சொல்ல முடியும். மூன்றாம் கூண்டு இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் சந்திரசேகர்தான்.

எது எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது என்பதும் அவர் விதிதான். அவரே குழாய்களை நிரப்பி, சிவப்பு, நீலம், மஞ்சள் மூடி போட்டுக் கொடுப்பார். எந்த நிறம் எது என்ற சீட்டு, ஒட்டிய உறையில் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். நான் ஒரு நிறத்தை முழுதாக முடித்து, காலிக் குழாயைத் தனித் தட்டில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் திறப்பேன். உறையைப் பிரிக்கும் வரை அந்தத் தட்டை எடுக்க மாட்டோம். எலியைப் பிடித்துக்கொள்வது பிரியா. டாக்டரிடம் பி.எச்.டி. செய்த பெண். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், பாதி இந்தியில்தான் தமிழ் பேசுவாள். ஒவ்வொரு ஊசிக்கும் முன் மூடியின் நிறத்தை அவள் உரக்கச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன், பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவோம். அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு, அளவுகோல் கவ்வியால் பாதத்தின் தடிமனை நான் அளப்பேன். ஒரே கை, ஒரே நேரம்.

பத்தாம் நாள் உறையைப் பிரித்தோம். டாக்டர் சீட்டை மேசையில் வைத்தார்: சிவப்பு உப்புநீர், நீலம் அசல், மஞ்சள் போலி. நான் என் அளவுகளைப் படித்தேன். உப்புநீர்க் கூண்டில் பாதங்கள் நன்றாக வீங்கியிருந்தன. அசல் கொடுத்த கூண்டில் வீக்கம் வெகுவாகக் குறைவு. பிரியா கை தட்டவே போய்விட்டாள். மூன்றாம் கூண்டைப் படித்தேன். அதிலும் அதே அளவு குறைவு.

பிரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், டேட்டாவில ஏதோ கடபட், குளறுபடி இருக்கு."

டாக்டர் சீட்டை மறுபடி மடித்தார். "மூணாவதுல மாறிப்போயிருக்குதுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அதே மெல்லிய குரலில், "மீனாம்மா, நீலத்தையே ரெண்டு கூண்டுக்கும் போட்டுட்டீங்களோ என்னமோ" என்றார்.

எனக்குக் காது சூடாயிற்று. "இல்லை சார். நிறம் சொல்லித்தான் போட்டோம். பதிவேட்டில இருக்கு."

"எழுதறது எழுதியிருப்பீங்க. கை மாறியிருக்கலாமுங்க. மனுசங்கதானே."

"சார், நான் நீலத்தையே ரெண்டு தடவை போட்டிருந்தா மஞ்சள் குழாய் நிறைஞ்சு இருக்கணுமே? தட்டில பாருங்க, மூணும் காலி. தவிரவும் நீலக் குழாயில ஒரு கூண்டுக்குப் போதுமான அளவுதானே இருந்தது?"

அவர் தட்டைப் பார்க்கவில்லை. "கொட்டியிருக்கலாங்க" என்றார். "போய் டீ சாப்பிட்டு வாங்க. நாம இன்னொருக்கா யோசிச்சுக்கலாம்."

யோசிக்கவில்லை. அந்த வாரமே மூன்றாம் கூண்டு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

போலி ஆர்.என்.ஏ. எப்படி வேலை செய்தது என்று கேட்பீர்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. வெளியிலிருந்து வரும் எந்த ஆர்.என்.ஏ.வையும் உடம்பு எதிரி என்று நினைத்து அபாய மணி அடிக்கக்கூடும். அந்த மணிச் சத்தத்திலேயே வைரஸ் கொஞ்சம் அடங்கிவிடும். அதற்கும் எழுத்துப் பொருத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்போதே இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த ஆபத்து இது. டாக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வீக்கம் குறைந்ததே, அது போதாதா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போதாது. ஏற்கெனவே காய்ச்சலில் கொதிக்கும் மனிதனின் உடம்பில் இன்னொரு அபாய மணியை அடிப்பதை, குறிபார்த்து வைரஸை மட்டும் வெட்டும் மருந்து என்று சொல்லலாமா?

டாக்டர் இரண்டு வாரம் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனார். விலங்குச் சோதனைக்கான எங்கள் அனுமதித் தாளில் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்ய இடமிருந்தது. பிரியாவிடம், "இன்னொரு தடவை பண்ணிடலாமா?" என்றேன். அவள் பயந்தாள். "எனக்கு டர் ஆகுது ஆன்ட்டி. சார் புரா மானுவார், கோவிச்சுப்பார்" என்றாள். ஆனாலும் செய்தாள். இந்த முறை குழாய்களை அவள் நிரப்பினாள். அளந்தது நான். உறையைப் பிரித்தபோது அதே முடிவு. மூன்றாம் கூண்டில் பாதங்கள் ஒல்லியாக இருந்தன.

டாக்டர் வந்ததும் பதிவேட்டை அவர் முன் விரித்து வைத்தேன். அவர் படித்தார். ஒவ்வொரு வரியாக, நிதானமாகப் படித்தார். பிறகு மூடினார்.

"நான் இதைக் கேக்கவே இல்லைங்களே, மீனாம்மா" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அன்று தெரிந்தது, மென்மையாகப் பேசுவதும் நேர்மையும் வேறு வேறு என்று. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த "ங்க" எனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டது.

கட்டுரை வெளிவந்தது. இரண்டு கூண்டுகள் மட்டும். போலி ஆர்.என்.ஏ.வுக்குக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் செய்த சோதனையைக் காட்டி, விலங்குச் சோதனையில் இருந்த ஓட்டையை மறைத்திருந்தார்கள். செய்தித்தாள்களில் 'சிக்குன்குனியாவுக்கு மருந்து' என்று போட்டார்கள். என் கணவர் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். கட்டுரையில் டாக்டர் பெயர் இருந்தது, பிரியா பெயர் இருந்தது. அத்தனை எலிகளையும் குத்தி அளந்த என் பெயர் நன்றிப் பகுதியில்கூட இல்லை. அப்போது அதற்காக உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேசாமல் இருந்தது என் குற்றம். அதற்கு நான் சாக்கு சொல்லப்போவதில்லை.

அதற்கான தண்டனையை அனுபவித்தது வேறொருவன். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த செல்வம். எங்கள் கட்டுரையின் மேல் தன் முழு ஆய்வையும் கட்டியவன். அபாய மணி அடிக்காதபடி பக்குவப்படுத்திய, இன்னும் சுத்தமான ஆர்.என்.ஏ.வை அவன் பயன்படுத்தினான். சரியாகச் செய்தான், அதனாலேயே அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவன் வழிகாட்டி, "டெல்லியில வருது, உனக்கு மட்டும் ஏன் வரலை? போய்க் கத்துக்கிட்டு வா" என்று அனுப்பிவைத்தார்.

டாக்டர் அவனை அன்பாக வரவேற்று என்னிடம் ஒப்படைத்தார். "நம்ம மீனாம்மாகிட்ட ஊசி போடப் பழகிக்குங்க தம்பி. எல்லாம் கைப்பக்குவம்தானுங்க" என்றார்.

நான் அவன் ஊசி போடுவதைப் பார்த்தேன். ஒரு எலி, இரண்டு எலி, ஐந்து எலி. ஒரு வால்கூட வீங்கவில்லை. ஆனால் முடித்ததும் அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "எங்கே மேடம் தப்பு பண்றேன்? மூணு வருஷமா இதே கதை. என் கையையே சந்தேகப்படறேன். எங்க வீட்ல நான் படிப்பை இழுத்தடிக்கிறேன்னு நினைக்கிறாங்க" என்றான்.

அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தட்டில் இருந்த சமோசாவை இருவருமே தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் நிறங்கள், காலித் தட்டு, இரண்டாம் முறை, எல்லாம். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, "இதை ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா நான் வேற ஏதாவது பண்ணியிருப்பேனே மேடம்" என்றான்.

எழுதியிருந்தால்! அந்த ஒரு வரிக்கு என்ன செலவாகியிருக்கும்? டாக்டருக்கு நடந்த ஒரு பாராட்டு விழா நின்றிருக்கும். அவ்வளவுதானே?

செல்வம் ஊர் திரும்பி, கட்டுரை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினான். பத்திரிகை எங்கள் நிறுவனத்தைக் கேட்டது. விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நான் பதிவேட்டைக் கொண்டுபோனேன். இரண்டு சோதனைகளின் பக்கங்களையும் காட்டினேன். அடுத்து பிரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஆய்வேடு டாக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம். நிறம் சொல்லி ஊசி போட்டது உண்டா, இரண்டாம் முறை நடந்ததா என்று கேட்டார்கள். "எனக்குச் சரியா நினைவில்லை" என்றாளாம்.

டாக்டர் என்ன சொன்னார் என்பது, பத்திரிகையில் வந்த திருத்தக் குறிப்பைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது குழுவின் எலிகளுக்கு ஆய்வக ஊழியர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டதால் அந்தக் குழு சேர்க்கப்படவில்லை, முடிவில் மாற்றமில்லை என்று போட்டிருந்தார்கள். இரண்டாம் சோதனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆய்வக ஊழியர் என்றால் அந்த ஆய்வகத்தில் நான் ஒருத்திதான். கட்டுரையில் இடம் கொடுக்காதவர்கள் பிழையில் இடம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு என்னைக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். என் மீதிப் பணிக்காலம் அங்கேதான் கழிந்தது. டாக்டர் பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றார். இன்றைக்கும் மேடைகளில் ஆராய்ச்சி நெறி பற்றிப் பேசுகிறார். தலைப்பைப் பாருங்கள்!

ஓய்வு பெற்றதும் துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகைக்கு நானே எழுதினேன். பதிவேட்டு நகல்களையும் இணைத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. திருத்தம் பற்றிக் கேள்வி எழுப்பக் கட்டுரையின் ஆசிரியர்களுக்கே உரிமை, நீங்கள் ஆசிரியர் அல்லவே என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பழி சுமக்க மட்டும் நான் உரியவள் போலிருக்கிறது. அந்தப் பதிலை அப்படியே பிரியாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்துவிட்டாள். இப்போது அவளுக்கென்று ஓர் ஆய்வகம், நான்கு மாணவர்கள். காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"ஆன்ட்டி, அப்போ என் தீசிஸ் அவர் கையில மாட்டியிருந்தது. மத்லப், அதாவது நான்..."

"நினைவில்லைன்னு சொன்னியே பிரியா, அது என்ன?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஜூட். பொய்தான் ஆன்ட்டி."

"என்னால இனிமே எழுத முடியாது. உன்னால முடியும்."

"எழுதினா என் பேரும் கெடும். என் ஸ்டூடண்ட்ஸ் என்னை என்ன நினைப்பாங்க?"

"அதை நீதான் யோசிக்கணும்" என்றேன். காபி ஆறிப்போயிற்று. அவள் குடிக்காமலே போனாள்.

பத்து நாள் கழித்துத் தன் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தாள். சுற்றி வளைக்காத கடிதம். "இரண்டு சோதனைகள் நடந்தன, இரண்டிலும் எலிகளைப் பிடித்திருந்தது நான், மருந்து மாறவில்லை, விசாரணையில் நான் உண்மையைச் சொல்லவில்லை." கீழே முழுப்பெயர், பதவி, கையெழுத்து.

இரண்டு நாளில் போன் அடித்தது.

"மீனாம்மா, நல்லா இருக்கீங்களா? வீட்டுக்காரருக்கு மூட்டுவலி எப்படி இருக்குதுங்க?"

"சொல்லுங்க சார்."

"பிரியா ஏதோ லெட்டர் போட்டிருக்குதுங்க. இத்தனை வருசம் கழிச்சு இதெல்லாம் எதுக்குங்க? யாருக்கு என்ன நட்டம் வந்துருச்சு?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் பொங்கிவிட்டது. "மூணு வருஷம் ஒரு பையன் தன் கையையே சந்தேகப்பட்டான் சார். அவன் ஆராய்ச்சியை விட்டே போயிட்டான். எனக்குப் பாத்திரம் கழுவற வேலை. என் வீட்டுக்காரர் அந்த நியூஸை வெட்டி வச்சுக்கிட்டு மருந்து வரும் வரும்னு காத்துக்கிட்டு இருந்தார். இன்னும் யாருக்கு வரணும் நட்டம்?"

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நீங்களே கட்டுரையை வாபஸ் வாங்குங்க. காரணத்தையும் நீங்களே எழுதுங்க."

"யோசிக்கறேங்க" என்று வைத்துவிட்டார்.

யோசித்தாரோ, பத்திரிகை நெருக்கியதோ, தெரியாது. சில மாதங்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விடப்பட்ட குழுவின் முடிவுகள் கட்டுரையின் முடிவோடு ஒத்துப்போகவில்லை, முந்தைய திருத்தத்தில் ஊழியர்மீது சொல்லப்பட்டது சரியல்ல என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எந்தச் செய்தித்தாளும் இதைப் போடவில்லை.

செல்வத்துக்கு நானே போன் செய்தேன். அவன் இப்போது விருதுநகர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். குறிப்பை முழுதும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

"சந்தோஷம் மேடம்" என்றான். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "பெல் அடிச்சிருச்சு, கிளாஸுக்குப் போகணும். அப்புறம் பேசறேன்."

அவன் வைத்த பிறகும் போனை என் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டதே, இனியாவது கோபத்தை விடு என்கிறார் என் கணவர். எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று இதைப் படிக்கும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.